கொலுப்படியில் ஒரு ராக்கெட்

திருமலைக்கு ஜனங்கள் எதையெல்லாம் கொண்டு போகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். தலைமுடி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு, துலாபாரத்துக்கு வெல்லமும் கற்கண்டும், முதல் கல்யாணப் பத்திரிகை, முதல் மாதச் சம்பளம். இந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ராக்கெட்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் பெரிய ராக்கெட் ஏவுவதற்கு முன்னால், இஸ்ரோவிலிருந்து ஒரு சிறு குழு அந்த ராக்கெட்டின் குட்டி மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு மலையேறும். அதைப் பெருமாள் சன்னதியில் வைத்து வாங்கிக்கொண்டு வருவார்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியது. அதற்கு முதல் நாள் மாதிரியோடு விஞ்ஞானிகள் கோயில் வாசலில் நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உங்களில் பலருக்கும் வாட்ஸ்அப்பில் நாலைந்து தடவையாவது வந்திருக்கும்.

அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் வீட்டுச் சின்னவள் (பதினொரு வயசு) கேட்ட கேள்விதான் இதை எழுதக் காரணம். "அப்பா, அந்த ராக்கெட்டுக்கு ஏன் செட்டையே இல்லை?"

நியாயமான கேள்வி. அந்தச் சமயத்தில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இன்னொரு ராக்கெட் பாதி முடிந்த நிலையில் கிடந்தது. 1950-களின் கற்பனையில் வரும் விண்கப்பல். பிளாஸ்டிக் கிட். நடுவில் கொஞ்சம் பருத்த உடம்பு, ஊசி மூக்கு, வட்ட ஜன்னல், அடியில் பெரிதாக வளைந்த செட்டைகள். அந்தச் செட்டைகளையே காலாக ஊன்றி நிற்கும். குழந்தைகளை ராக்கெட் வரையச் சொன்னால் இன்றைக்கும் இதைத்தான் வரைவார்கள். இஸ்ரோவின் ராக்கெட்டோ பெரிய குழாய், பக்கத்தில் இரண்டு குழாய், மேலே ஒரு தொப்பி. அவ்வளவுதான்.

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ராக்கெட் விஞ்ஞானி இல்லை. ஆனால் சித்தூர்க்காரன். சித்தூர்க்காரனுக்கு ராக்கெட்டைப் பற்றிப் பேச மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சித்தூரில் முடிந்த ஒரு ஆயுள்

1782 டிசம்பர் 7. இரண்டாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருக்கிறது. சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில் பாளையம் இறங்கியிருந்த ஹைதர் அலி, முதுகில் வந்த ராஜபிளவைக் கட்டியால் அங்கேயே இறந்துபோனார். நான் பள்ளியில் படித்த காலத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மாம்பழத்துக்கும் வெல்லத்துக்கும் பெயர் போன ஊர் என்பதோடு சரி.

ஹைதரின் படையில் ராக்கெட் பிரிவு ஒன்று இருந்தது. அவருடைய தகப்பனார் ஃபத் முகம்மதுவே ஆற்காட்டு நவாபிடம் ஐம்பது ராக்கெட்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆற்காடு யாருக்கோ சொந்தமான ஊர் இல்லை. 1911-ல் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியபோது அதில் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்து வெட்டி எடுத்ததுதான்.

மைசூர் ராக்கெட்டின் விசேஷம் என்ன? வெடிமருந்து அடைத்த வாணம் அதற்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே சீனாவில் இருந்தது. "ராக்கெட்டைக் கண்டுபிடித்ததே நாம்தான்" என்று வருகிற மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்யாதீர்கள், அது தப்பு. ஆனால் மற்றவர்கள் காகிதத்திலும் மூங்கிலிலும் மருந்தை அடைத்தபோது மைசூர்க் கொல்லர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். காகிதக் குழாயில் மருந்தைக் கெட்டித்தால் உள் அழுத்தத்தில் குழாய் கிழிந்துவிடும். இரும்பு தாங்கும். அழுத்தம் கூடினால் வேகம் கூடும், தூரம் கூடும். சுமார் ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழாய், அதை நீளமான மூங்கில் கழியோடு தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு கிலோமீட்டர், அதற்கு மேலும் போகும்.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதர், திப்பு இருவரிடமும் சிக்கி அழிந்தது. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததுதான் திருப்புமுனை. ராக்கெட் பட்டுத்தான் வெடித்தது என்று ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போரை வரைந்து வைத்திருக்கிறார்கள். பெங்களூர்ப் பக்கம் போகிறவர்கள் தவறாமல் பாருங்கள்.

செட்டையும் குச்சியும் ஒன்றுதான்

சின்னவளின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. தீபாவளி ராக்கெட்டிலிருந்து குச்சியை உடைத்துவிட்டுப் பற்ற வைத்திருக்கிறீர்களா? (வைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவன் வைத்து, அது நேரே எதிர் வீட்டு வைக்கோல் போருக்குப் போனது.) குச்சி இல்லாவிட்டால் ராக்கெட் தலைகீழாகச் சுற்றும். குச்சி இருந்தால், தலை விலகும்போது காற்று வாலைப் பிடித்துத் தள்ளி, தலையைத் திரும்பவும் நேராக்கிவிடும். மைசூர் ராக்கெட்டின் மூங்கில் கழி செய்த வேலையும் இதுதான். ஐம்பதுகளின் விண்கப்பலில் வளைந்த செட்டை செய்கிற வேலையும் இதுவேதான்.

இஸ்ரோவின் முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3 அடியிலும் செட்டை இருந்தது. பழைய படங்களைப் பார்த்தால் தெரியும். பிறகு வந்த பி.எஸ்.எல்.வி.யில் கிடையாது. அதில் வெளியேறுகிற நெருப்பின் திசையையே கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பி ராக்கெட்டை நேராக்குகிறார்கள். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிற்க வைத்து, கையை நகர்த்தி நகர்த்தி விழாமல் பார்த்துக்கொள்வோமே, அந்த மாதிரி. தவிர, காற்றே இல்லாத உயரத்துக்குப் போனபின் செட்டை வெறும் சுமை. சுமை என்றால் ராக்கெட்காரர்களுக்கு எவ்வளவு பயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பழக்க தோஷம்). பி.எஸ்.எல்.வி. கிளம்பும்போது 320 டன். அது 600 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுமார் 1,750 கிலோ. அதாவது நூறு ரூபாய் செலவு செய்து ஐம்பத்தைந்து பைசா வரவு. எந்த வங்கியும் கடன் கொடுக்காது :-)

இன்னொரு கணக்கு. பி.எஸ்.எல்.வி.யின் உயரம் 44 மீட்டர். அதை 144-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் முப்பது சென்டிமீட்டர், அதாவது ஸ்கூல் ஸ்கேல் நீளம். ஆனால் எடை? நீளம், அகலம், உயரம் மூன்றும் 144 மடங்கு குறைவதால் எடை சுமார் முப்பது லட்சம் மடங்கு குறையும். 320 டன், 107 கிராம் ஆகிவிடும். ஒரு மாம்பிஞ்சு கனம்.

அந்த அழகான வடிவம் எங்கிருந்து வந்தது?

கிட் ராக்கெட்டை ஒட்டுவது சுலபமான வேலைதான். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி வரும். நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளால் பிசிறைத் தேய்க்க வேண்டும். அதற்கென்று உள்ள பசை நம்ம ஊர் கோந்து மாதிரி இல்லை. பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், தலைவலி வரும். உடம்பின் இரண்டு பாதியையும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி விட்டோம். கஷ்டம் பெயின்ட்தான். சிவப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டம் போல வர வேண்டும் என்றாள் மகள். கட்டத்துக்குக் கட்டம் டேப் ஒட்டி, பெயின்ட் அடித்து, உரித்து... இரண்டு வாரம் போனது. தங்கமணி சாப்பாட்டு மேஜையைத் திரும்பக் கேட்டு மூன்று நோட்டீஸ் அனுப்பினார்.

அந்தச் சதுரங்கக் கட்டம் ஏன் என்று தேடினேன். தேடியிருக்க வேண்டாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

மகளுக்கு அந்தக் கட்டம் டின்டின் புத்தகத்தில் அறிமுகம். 1953-ல் புத்தகமாக வந்த டின்டினின் நிலாப் பயணக் கதையில் ராக்கெட் சிவப்பு வெள்ளைக் கட்டத்தோடு இருக்கும். ஓவியர் எர்ஜே அதை எடுத்தது ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டிலிருந்து. வி-2 சோதனைகளில், ராக்கெட் பறக்கும்போது உருள்கிறதா என்று கேமராவில் பார்க்கத்தான் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். 1942 அக்டோபர் 3 அன்று முதல் வெற்றிகரமான பறத்தல். 14 மீட்டர் உயரம், நான்கு செட்டை, சுருட்டு போல உடம்பு. 1944 செப்டம்பரிலிருந்து அது லண்டன் மேல் விழுந்தது.

வி-2-ஐ மலைச் சுரங்கத்துக்குள் வைத்துச் செய்தவர்கள் மிட்டெல்பௌ-டோரா முகாமின் கைதிகள். அந்த முகாமில் சுமார் 60,000 பேர் அடைக்கப்பட்டார்கள், சுமார் 20,000 பேர் செத்தார்கள். அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். போர் முடிந்ததும் அதை வடிவமைத்தவர்கள் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் போனார்கள். அடுத்த பத்து வருஷத்தில் சினிமாவிலும் பத்திரிகை அட்டையிலும் பொம்மைக் கடையிலும் அதே உருவம்தான் நிலாவுக்குப் போகிற கப்பலாக வந்தது. நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்தது அதன் பேரப்பிள்ளை.

மகளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க பேரெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

எழுதி வைத்தவனும் வைக்காதவனும்

இதே கேள்வியை நம் பக்கமும் கேட்க வேண்டும். இரும்பில் ராக்கெட் அடித்த அந்த மைசூர்க் கொல்லர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வுலிச் ஆயுதச்சாலையில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804-05 வாக்கில் தன் ராக்கெட் சோதனைகளைத் தொடங்கினார். அளவு, எடை, தூரம் என்று ஒவ்வொன்றையும் எழுதி அட்டவணை போட்டார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அந்த ராக்கெட்டால் எரிந்தது. 1814-ல் பால்டிமோர் கோட்டை மேல் விழுந்தது. அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட் வருகிறதே, அது காங்கிரீவின் ராக்கெட்தான். உலகமே அதைக் காங்கிரீவ் ராக்கெட் என்றது.

விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மா 1985-ல் இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதினார், மைசூரிலும் பிரிட்டனிலும் ராக்கெட் என்று. என் சிற்றறிவுக்கு எட்டியது இவ்வளவுதான்: கைத்திறன் நம்மிடம் இருந்தது, பேரேடு அவர்களிடம் இருந்தது. பேரேட்டில் ஏறாத வரவு வரவே இல்லை என்று எங்கள் தொழிலில் சொல்வோம். 2018-ல் கர்நாடகத்தின் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ராக்கெட் குழாய்கள் கிடைத்தன. இருநூறு வருஷத்துக்கு மேல் சேற்றில் கிடந்த சாட்சிகள்.

அப்துல் கலாம் 1963-ல் அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தளத்துக்குப் போனபோது, வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை ஆங்கிலேயரோடு மோதுகிற ஓவியத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அதே வருஷம் நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது, அலுவலகம் மீனவக் கிராமத்து மாதா கோயில். அந்தக் கோயிலையும் நிலத்தையும் விக்ரம் சாராபாய் கேட்டபோது, ஆயர் பெரைரா சபையாரைக் கேட்டுவிட்டுக் கொடுத்தார் என்பது எல்லோரும் அறிந்த கதை.

தீவில் இருந்தவர்கள்

ஸ்ரீஹரிகோட்டா கதை அவ்வளவு பேர் அறியாதது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, நடுவே ஒரு நீண்ட தீவு. ராக்கெட் தோற்று விழுந்தாலும் கடலில் விழும் என்பதால் 1969-ல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் ரோகிணி என்ற சின்ன ராக்கெட்டுகளோடு வேலை ஆரம்பித்தது. அப்போது அந்தத் தீவு காலியாக இல்லை. யானாதி என்ற பழங்குடி மக்கள் அங்கே காட்டில் தேன், கிழங்கு, மூலிகை எடுத்தும் ஏரியில் மீன் பிடித்தும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தளம் வந்ததும் அவர்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். காடுதான் அவர்களுக்கு வீடு, கடை, மருந்தகம் எல்லாம். வெளியே வந்தபின் கூலி வேலை.

இதை எழுதும்போது நான் இருக்கிற ஊரின் ராக்கெட்டும் ஞாபகம் வருகிறது. நியூசிலாந்தின் மஹியா தீபகற்பத்திலிருந்து 2017 முதல் எலெக்ட்ரான் என்ற 18 மீட்டர் ராக்கெட் கிளம்புகிறது. மகளின் வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். அந்தத் தளம் இருக்கிற நிலம் மாவோரி மக்களுக்குச் சொந்தமான பண்ணை. கம்பெனி அதைக் குத்தகைக்குத்தான் எடுத்திருக்கிறது. நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. இந்த நாட்டிலும் மாவோரிகளிடமிருந்து பிடுங்கிய நிலத்தின் கணக்கு பெரிசு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ராக்கெட் விட நிலம் வாங்க ஒரே வழிதான் உண்டு என்று யாராவது சொன்னால், இல்லை என்று காட்ட ஒரு உதாரணம் இருக்கிறது.

நான் ஸ்ரீஹரிகோட்டாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3, 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது பெரிய விஷயம். அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்ட் 10-ல் முதல் முயற்சி கடலில் விழுந்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து பொறுப்பை ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான். ஜெயித்தபோது கலாமைப் பேசச் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், இது ராக்கெட் விடுவதைவிட அபூர்வம் :-) இப்போது அந்தத் தளத்துக்கு அவர் பெயர்தான். 2004 பிப்ரவரியில் அதே தளத்தில் நடந்த விபத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அதையும் நாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூலூர்ப்பேட்டைப் பகுதி, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. ஆக ஏழுமலையானும் ஏவுதளமும் ஒரே மாவட்டம். சித்தூர்–திருப்பதி சாலையில் காதங்கியில் 1024 ஆன்டெனாக்களை வயல் போல நட்டு வைத்து மேல் வளிமண்டலத்தை ஆராய்கிற ரேடாரும் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

மலையேறலாமா?

விஞ்ஞானிகள் மாதிரியோடு கோயிலுக்குப் போவது சரியா என்று ஒவ்வொரு தடவையும் சண்டை நடக்கும். எனக்கு அதில் பெரிய ஆத்திரம் இல்லை. ரஷ்யாவின் ராக்கெட் மேல் பாதிரியார் தீர்த்தம் தெளிக்கிறார். நாசாவின் ஜெ.பி.எல். கட்டுப்பாட்டு அறையில் 1964-ல் ரேஞ்சர்-7 வெற்றியிலிருந்து வேர்க்கடலை கொறிக்கிறார்கள். 2019-ல் சந்திரயான்-2-க்கு முன்னாலும் இஸ்ரோ தலைவர் திருமலை போனார். ஆனாலும் லேண்டர் நிலவில் மோதியது. அதன்பின் யாரும் சாமியைக் குறை சொல்லவில்லை. என்ன தவறியது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருத்தி, 2023 ஆகஸ்ட் 23-ல் நான்கு காலில் இறக்கினார்கள். வேண்டுதல் கோயிலில், தணிக்கை ஆபீசில். இரண்டையும் குழப்பாதவரை எனக்குச் சம்மதம்.

செட்டை இல்லாத குழாய்தான் நிஜம், செட்டை வைத்த கப்பல் கற்பனை என்று நான் மகளுக்குச் சொல்லி முடிக்கும்போது அவள் இன்னொன்றைக் காட்டினாள். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 ராக்கெட்டின் கீழ்ப்பகுதி, மேலே போய்விட்டுத் திரும்பி வந்து கால் ஊன்றி நின்ற காணொளி. ஐம்பதுகளின் சினிமாவில் வந்தது போலவேதான். கற்பனை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் நவராத்திரிக்கு (இங்கே அப்போது வசந்த காலம், பூவுக்குப் பஞ்சமில்லை) விண்கப்பலைக் கொலுவில் வைக்கப் போகிறோம். முதல் படியில் எங்கள் அம்மா திருப்பதியில் வாங்கிக் கொடுத்த செம்மரத்து மரப்பாச்சி ஜோடி. கடைசிப் படியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ராக்கெட். பார்க்க வருகிற பிள்ளைகள் கேட்பார்கள் என்று பக்கத்தில் வைக்க மகள் ஒரு அட்டை எழுதியிருக்கிறாள். மூங்கில் கழி கட்டிய மைசூர்க் கொல்லர்கள், டோரா சுரங்கத்துக் கைதிகள், ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் யானாதிகள், தும்பா மீனவர்கள், 2004-ல் இறந்த ஆறு பேர். ஐந்து வரி. கீழே "இவங்க எல்லாரும் சேர்ந்துதான்" என்று முடித்திருக்கிறாள். எழுத்துப்பிழை இரண்டு இருக்கிறது. திருத்தச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ராக்கெட் படம் வரைந்துகொண்டு வந்தால் அவர்களுக்கு நீங்கள் எதையெல்லாம் சொல்வீர்கள்? பெருமையை மட்டுமா, இல்லை பற்றுப் பக்கத்தையும் சேர்த்தா?

பி.கு: சுண்டல் வெள்ளிக்கிழமை கொத்துக்கடலை. ஆக்லாந்தில் இருப்பவர்கள் அவசியம் வாங்க.